ஒரு எண்ணும் இரண்டு நீதிபதிகளும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். தரம் 10, 11இல் அல்லது உயர்தரத்தில் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

இன்று ஒரேயொரு எண்ணைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம்.

18,446,744,073,709,551,615

இருபது இலக்கங்கள். நமது கணக்கில் சொன்னால் ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்குச் சற்று மேல். இதைக் கணிகருவியில் தட்டினால் 1.844674407 பெருக்கல் 10இன் 19ஆம் வலு என்று மட்டும் காட்டும். மிச்ச இலக்கங்களை விழுங்கிவிடும். ஆனால் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஒரு மனிதர் இதைக் கடைசி 5 வரை பிழையின்றிக் கணித்து எழுதி வைத்திருக்கிறார்.

எண் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிந்த கதை. சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் ராஜா "என்ன வேண்டும், கேள்" என்கிறார். அவர் தங்கம் கேட்கவில்லை. முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இப்படியே 64 கட்டத்துக்கும் இரட்டித்துத் தாருங்கள் என்கிறார். "இவ்வளவுதானா?" என்று ராஜா சிரிக்கிறார். களஞ்சியக் கணக்கர்கள் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, நம்மிடம் உள்ளது போதாது என்கிறார்கள்.

அந்த 64 கட்டங்களின் மொத்தக் கூட்டுத்தொகைதான் மேலே உள்ள எண். ஒரு கோதுமை மணியை 40 மில்லிகிராம் என்று எடுத்தால் ஏறத்தாழ 73,800 கோடி தொன் வரும். இன்று உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளைகிற கோதுமை 80 கோடி தொன் அளவில்தான். அப்படியென்றால் ஒன்பது நூற்றாண்டு விளைச்சலுக்கும் மேல்.

ராஜாவின் கதை வெறும் கதைதான். அப்படியொரு ராஜா இருந்தார் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் எண்ணுக்கு வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றில் வருகிறவர்கள் எல்லாரும் உண்மையான மனிதர்கள். அவர்களில் இருவர் நீதிபதிகள். அந்த இரண்டு நீதிபதிகளுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். அவர்களிடம் போவதற்கு முன் கணக்கைப் போட்டவர்களைப் பார்ப்போம்.

*தூசுப் பலகையிலிருந்து தாளுக்கு*

952ஆம் ஆண்டளவில் டமஸ்கஸில் அல்-உக்லீதிஸி என்பவர் இந்திய இலக்கங்களைக் கொண்டு கணக்குச் செய்வது பற்றி ஒரு நூல் எழுதினார். ஒன்றை 64 தடவை இரட்டிப்பது பற்றி அதில் பேசுகிறார். மக்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி அது என்பது அவர் எழுதுவதிலிருந்தே விளங்கும். அன்றைய வட்ஸ்அப் புதிர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் செய்த இன்னொரு வேலை இந்தக் கதைக்கு முக்கியம். அக்காலத்தில் இந்திய முறைக் கணக்கைத் தூசு பரப்பிய பலகையில் போடுவார்கள். ஒரு படி முடிந்ததும் அதை விரலால் அழித்து அதன் மேலேயே அடுத்ததை எழுதுவார்கள். கடைசியில் விடை மட்டும்தான் எஞ்சும். வழி அழிந்துபோய்விடும். அல்-உக்லீதிஸி அந்த முறைகளைத் தாளுக்கும் மைக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். தாளில் செய்தால் ஒவ்வொரு படியும் கண்முன்னே நிற்கும். எங்கே பிழை என்று இன்னொருவர் தேடிப் பார்க்கலாம்.

பரீட்சையில் "வழிமுறை காட்டுக" என்று கேட்கிறார்களே, அது ஏன் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஏனென்று இங்கே தெரிகிறது. விடையை யாரும் சொல்லிவிடலாம். வழியைக் காட்டினால்தான் மற்றவர் சரிபார்க்க முடியும்.

*பிரூனியின் படிக்கட்டு*

அடுத்து வருகிறவர் அல்-பிரூனி. 973இல் குவாரிஸ்மில், அதாவது இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கத்தில் பிறந்தவர். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், முப்பது வயது ஆகுமுன், பல சமூகங்களின் நாட்காட்டிகளையும் காலக்கணிப்பையும் பற்றி "அல்-ஆஸாருல் பாகியா" என்ற பெரிய நூலை எழுதினார். அதற்குள் இந்தச் சதுரங்கக் கணக்கும் வருகிறது.

64 எண்களையும் எழுதிக் கூட்டினால் 63 தடவை இரட்டிக்க வேண்டும், 63 தடவை கூட்ட வேண்டும். பிரூனி அப்படிச் செய்யவில்லை. இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்டார்.

முதல் விதி: ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கித்தால், முதல் கட்டத்திலிருந்து அது இருக்கிற தூரம் இரட்டிப்பாகி வரும் கட்டத்தின் எண் கிடைக்கும். 5ஆம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256. அது 9ஆம் கட்டத்தின் எண்.

இரண்டாம் விதி: எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை, அந்தக் கட்டத்தின் எண்ணைவிட ஒன்று குறைவு. 1 + 2 + 4 + 8 + 16 = 31. அடுத்த கட்டத்தில் 32.

இப்போது பிள்ளையின் கொப்பியில் 2 என்று எழுதி வர்க்கித்துக்கொண்டே போங்கள்:

2
4
16
256
65,536
4,294,967,296
18,446,744,073,709,551,616

ஆறே ஆறு பெருக்கல். கடைசி எண் பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்துக்குரியது. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 கட்டங்களின் மொத்தம். கணக்கு முடிந்தது. பெருக்கல் விருத்தியின் கூட்டலுக்குச் சூத்திரம் பாடமாக்குகிற பிள்ளைகளுக்கு இந்தப் படிக்கட்டை ஒருமுறை காட்டிப் பாருங்கள், சூத்திரம் ஏன் அப்படி வந்தது என்று அவர்களாகவே சொல்வார்கள்.

விடை கிடைத்ததும் பிரூனி நிற்கவில்லை. இருபது இலக்க எண் ஒருவரின் மனதில் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அதைப் பிரித்துக் காட்டினார். பத்தாயிரம் பத்தாயிரமாகப் பொதி கட்டுங்கள். எட்டுப் பொதியை ஒரு கோவேறு கழுதையில் ஏற்றுங்கள். பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை. ஆயிரம் மந்தைகள் ஒரு பள்ளத்தாக்கில். பத்தாயிரம் பள்ளத்தாக்குகள் ஒரு மலைக்கு. அப்படியும் 2,305 மலைகள் வேண்டும். இவ்வளவையும் பூமி தாங்காது என்பதுதான் அவர் காட்ட வந்தது.

ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். பிரூனி இந்த இலக்கங்களை இந்திய இலக்கங்கள் என்றுதான் சொல்கிறார். யாரிடமிருந்து பெற்றோமோ அவர்களின் பெயரை அவர் மறைக்கவில்லை. "எல்லாவற்றையும் நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று பதிவு போடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*முதலாவது நீதிபதி: சந்தேகப்பட்டவர்*

இப்னு கல்லிகான். 1211இல் இர்பிலில் பிறந்து, டமஸ்கஸின் தலைமைக் காதியாக இருந்தவர். பிரபலமானவர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1274இல் முடிந்தது. அதில் அஸ்-ஸூலி என்ற சதுரங்க விளையாட்டுக்காரரைப் பற்றி எழுதும்போது, சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று மக்கள் நினைப்பது பிழை என்று திருத்துகிறார். பிறகு ராஜாவின் கதையைச் சொல்கிறார்.

அதன் பின் அவர் எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இந்தத் தொகை இவ்வளவு பெரிதாக வரும் என்பதில் தனக்குச் சந்தேகம் இருந்தது என்கிறார். ஊரெல்லாம் சொல்கிற கதைதான், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் நம்பவில்லை. பிறகு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கரைச் சந்திக்கிறார். அந்தக் கணக்கர் வழியை விளக்கி, அதை ஒரு தாளில் எழுதியும் கொண்டுவந்து காட்டுகிறார்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். இதை எகிப்தின் அளவையில் ஒரு கதஹ் என்று வைத்துக்கொள்வோம். இனி மணிகளை எண்ணத் தேவையில்லை, கதஹை இரட்டித்தால் போதும். 20ஆம் கட்டத்தில் அது ஒரு வைபா ஆகிறது. பிறகு இர்தப் கணக்கு. 40ஆம் கட்டத்தில் 174,762 இர்தப்புக்கு மேல். அதை ஒரு களஞ்சியம் என்று வையுங்கள். 50ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அதை ஒரு நகரம் என்று வையுங்கள். 64ஆம் கட்டத்தில் 16,384 நகரங்கள். உலகத்தில் இத்தனை நகரங்கள் எங்கே இருக்கின்றன?

காதி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல், தான் முதலில் சந்தேகப்பட்டதையும், யார் என்ன வழியில் தெளிவாக்கினார் என்பதையும் எழுதி வைத்தார். பெரிய பதவியில் இருந்தவர். "எனக்கு முன்பே தெரியும்" என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சாட்சி இல்லாமல் தீர்ப்பு எழுதுவது அவருடைய பழக்கமில்லை. எண்ணுக்கும் அதே விதிதான்.

*இரண்டாவது நீதிபதி: நம்பிவிட்டவர்*

இனி பிரான்ஸுக்குப் போவோம். பியர் டி ஃபேர்மா, துலூஸ் நகரின் உயர்மன்றத்தில் நீதிபதி. ஓய்வு நேரத்தில் கணிதம் செய்து உலகப் புகழ் பெற்றவர்.

பிரூனியின் படிக்கட்டை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டுங்கள்:

3
5
17
257
65,537
4,294,967,297

ஃபேர்மா பிரூனியைப் படித்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வேறு வழியால் வந்தார், எண்கள்தான் ஒன்றாக இருக்கின்றன. முதல் ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. 1640இல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையில் வருகிற எல்லா எண்களும் முதன்மை எண்களே என்ற தன் நம்பிக்கையை ஃபேர்மா தெரிவித்தார். நிறுவல் தன்னிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நம்பிக்கையை விடவுமில்லை. ஐந்து உதாரணங்கள் சரி, ஆகவே ஆறாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று நமக்கும் தோன்றும்தானே?

கிட்டத்தட்ட தொண்ணூறு வருடங்கள் கழித்து, 1732இல், பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த 25 வயது இளைஞர் ஒருவர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார். அவர் பெயர் ஒயிலர்.

4,294,967,297 = 641 × 6,700,417

கண்ணை மூடிக்கொண்டு தேடிக் கிடைத்ததல்ல. இந்த எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும் என்று ஒயிலர் பின்னர் விளக்கினார். 65, 129, 193, 257 என்று எழுதிக்கொண்டு போனால் 641 பத்தாவதாக வரும். அதற்குள் முதன்மை எண் அல்லாதவற்றை வெட்டிவிட்டால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே மிஞ்சும். நான்கு வகுத்தல் தோற்கும், ஐந்தாவது வெல்லும். நமது தரம் 8 பிள்ளை தாளில் செய்யக்கூடிய வேலை.

ஃபேர்மாவை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய திறமைக்குப் பக்கத்தில்கூட நாம் நிற்க முடியாது. அதனால்தான் இது நமக்குப் பாடம். அவ்வளவு பெரிய மூளைக்கே, சரிபார்க்காத இடத்தில் அழகான வரிசை ஒன்று கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டு பேரும் நீதிபதிகள். ஒருவர் உண்மையான ஒன்றைச் சந்தேகித்து, தாளைப் பார்த்து நம்பினார். மற்றவர் பிழையான ஒன்றை, தாள் இல்லாமலே நம்பினார். சந்தேகப்பட்டவருக்கு எந்த நட்டமும் வரவில்லை.

*எண்ணுக்குள் என்ன இருக்கிறது*

இரு வர்க்கங்களின் வித்தியாசம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால், அந்த எண்ணைவிட ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கிய விடை வரும். நமது பெரிய எண், 4,294,967,296இன் வர்க்கத்திலிருந்து ஒன்று குறைந்தது. ஆகவே அது 4,294,967,295 × 4,294,967,297. அதில் முதலாவதை அதே விதியால் மறுபடி உடைக்கலாம்: 65,535 × 65,537. பிறகு 65,535 என்பது 255 × 257. பிறகு 255 என்பது 15 × 17. கடைசியில் 15 என்பது 3 × 5.

ஒயிலரின் கண்டுபிடிப்பையும் சேர்த்தால் முழு எண்ணும் இப்படி விரிகிறது:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு முதன்மைக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஆகவே இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிற எண்கள் மொத்தம் 128. ஏன் 128? ஏழு காரணிகளில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. இரட்டிப்பால் பிறந்த எண்ணின் வகுத்திகளை எண்ணப் போனாலும் இரட்டிப்புத்தான் வந்து நிற்கிறது.

இவற்றில் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் ஃபேர்மா சரியாகச் சொன்னவை. இன்றுவரை அவருடைய வரிசையில் ஆறாவது முதன்மை எண் ஒன்று கிடைக்கவில்லை. 1796இல் 18 வயது காவுஸ், நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான 17 பக்கப் பல்கோணி வரையலாம் என்று காட்டியதும் இந்த எண்களின் தயவால்தான்.

இந்த எண் உங்கள் கையிலுள்ள தொலைபேசிக்குள்ளும் இருக்கிறது. கணினியின் துவித முறையில் எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 64 பிட் இடத்தில் வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் பழைய மோட்டார் சைக்கிளின் மீற்றர் 99999க்குப் பிறகு சுழிக்குத் திரும்புவது போல எல்லாம் சுழியாகிவிடும்.

*நமது ஊருக்கு வருவோம்*

பிரூனியின் இரண்டாம் விதியை மறந்துவிடாதீர்கள். அது கோதுமைக்கு மட்டுமானதல்ல.

"நீங்கள் சேர்ந்து இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்க்கட்டும், காசு தானாக வரும்" என்று வருகிறார்களே, அது அதே சதுரங்கப் பலகைதான். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. 24ஆம் வரிசை வரை சேர்ந்தவர்கள் 16,777,215 பேர். 25ஆம் வரிசையை நிரப்ப இன்னும் 16,777,216 பேர் வேண்டும். மொத்தம் மூன்று கோடியே முப்பத்தைந்து இலட்சத்துக்கும் மேல். இலங்கையின் சனத்தொகையோ இரண்டு கோடியே இருபது இலட்சம் அளவில். கைக்குழந்தை முதல் வயோதிபர் வரை அத்தனை பேரையும் சேர்த்தாலும் ஆள் போதாது.

அது நிற்கும் நாளில் யாருக்கு நட்டம்? பிரூனியின் விதியே விடை சொல்கிறது. மேலே உள்ள எல்லா வரிசைகளையும் கூட்டினாலும் கடைசி வரிசையைவிட ஒரு ஆள் குறைவு. அதாவது எந்த வரிசையில் நின்றாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்கள் காசு கட்டியவர்கள், தமக்குக் கீழே ஒருவரும் இல்லாதவர்கள். ஏமாற்றுகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இதில் இல்லை. நல்லவரே நடத்தினாலும் எண்கள் இப்படித்தான் விழும். இப்படியான பிரமிட் திட்டங்கள் நமது நாட்டில் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் சொந்தக்காரர் மூலமாக, கூட்டாளி மூலமாக, "நம்ம ஆள்தானே" என்ற நம்பிக்கையோடு அவை வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசும், பிள்ளையின் கலியாணத்துக்கு வைத்த நகையும் அந்தக் கடைசி வரிசையில் போய்ச் சேருகின்றன.

இப்னு கல்லிகானைப் போல ஒரு வார்த்தை கேட்டால் போதும்: "எழுதிக் காட்டுங்கள். 25ஆம் வரிசை எங்கே?"

கணக்குப் பாடம் எதற்கு, வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரும் சில நேரம் அதையே சொல்லிச் சித்திக்குத் தேவையான புள்ளியோடு விட்டுவிடுகிறார்கள். கணக்கில் வருகிற விடைகள் பலவும் மறந்துபோகும். ஒருவர் சொன்னதை எழுதிப் பார்க்கிற பழக்கம் தங்கிவிட்டால் அதுவே பெரிய லாபம். அல்-உக்லீதிஸியின் தாளும், பிரூனியின் படிக்கட்டும், அலெக்சாந்திரியாக் கணக்கர் கொண்டுவந்த தாளும் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அதுதான். அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு ஒரு நிமிடம் போதும். அவர்கள் செய்ததைச் செய்து பார்க்க அரை மணித்தியாலம் வேண்டும்.

இன்று இஷாவுக்குப் பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து 65,536ஐ 65,536ஆல் தாளில் பெருக்கிப் பாருங்கள். கணிகருவி வேண்டாம். விடை 4,294,967,296 வர வேண்டும். வந்ததும் ஒன்றைக் கூட்டி 641ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.

நான் எழுதினேன் என்பதற்காக இதை நம்பிப் பகிர வேண்டாம். அந்த இரண்டு கணக்கையும் செய்துவிட்டுப் பகிருங்கள். பிள்ளை செய்த தாளைப் படம் எடுத்துக் கீழே போட்டால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.